பெப்டைடு இழையாகுமா, கட்டியாகுமா: வேதியியல் எங்கே கைகொடுக்கிறது

கேள்வி இது: ஒரே பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி), ஒரே செறிவு. ஒரு முறை தெளிவான ஜெல் கிடைக்கிறது, அடுத்த முறை வெள்ளைக் கட்டிகள் மிதக்கின்றன. அமினோ அமிலத் தொடரைச் சரியாக வடிவமைத்தால் போதாதா? மூலக்கூறுகள் தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் சுயகட்டமைப்பை வழிநடத்த வேதியியலில் வேறு என்ன வழி இருக்கிறது?

தொடர் மட்டும் போதாது. எந்தெந்த அமைப்புகள் உருவாகலாம் என்பதைத்தான் தொடர் சொல்லும். அவற்றில் எது குடுவையில் உருவாகிறது என்பது வேறொன்றைப் பொறுத்தது. மூலக்கூறுகளைப் பிரித்து வைத்திருக்கும் மின்விலக்கத்தை எந்த வேகத்தில், எவ்வளவு சீராக நீக்குகிறோம் என்பதே அது. இழைகள் பின்னி நீரைப் பிடித்துவைக்கும் ஜெல் பெரும்பாலும் சமநிலைப் பொருள் அல்ல, பாதி வழியில் உறைந்த ஒரு நிலை. வந்த பாதை மாறினால் பொருளும் மாறும். முரண்படும் முடிவுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் தொடர். சங்கிலிகள் அருகருகே அடுக்கித் தாள்போல் ஆகும் அமைப்பு பீட்டா தாள். அதில் சங்கிலி நீண்டு கிடக்கும். ஓர் அமினோ அமிலத்துக்கு ஏறத்தாழ 0.34 நானோமீட்டர் நீளம். பக்கக் குழுக்கள் மாறி மாறி மேலும் கீழும் நிற்கும். எனவே நீர்வெறுக்கும் ஒன்று, மின்சுமையுள்ள ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினால் ஒரு முகம் நீரை வெறுக்கும், மறுமுகம் நீரோடு உறவாடும். அத்தகைய இரண்டு தாள்கள் நீர்வெறுக்கும் முகங்களை உள்ளே மறைத்து ஒட்டிக்கொள்கின்றன. ஷுகுவாங் ஜாங் குழு 1993-இல் வெளியிட்ட ஈஏகே16 என்ற பெப்டைடு, ஈஸ்ட் நுண்ணுயிரின் ஜுவோட்டின் என்ற புரதத்தில் கண்ட ஒரு துண்டு. பின்னர் வந்த ராடா16 அதே தத்துவம். ஆர்ஜினின், அலனின், ஆஸ்பார்டிக் அமிலம், அலனின் என்ற நான்கும் நான்கு முறை திரும்ப வரும். 16 அமினோ அமிலங்கள், நீளம் சுமார் 5 நானோமீட்டர். இரு முனைகளும் அசிட்டைல், அமைடு குழுக்களால் மூடப்பட்டிருக்கும். மூடாமல் விட்டால் இரண்டு கூடுதல் மின்சுமைகள் வந்து கணக்கைக் கெடுக்கும். புதிதாக வடிவமைப்பவர்கள் மறக்கும் முதல் விஷயம் இந்த முனைகள்தான்.

ராடா16-இல் நான்கு நேர்மின்சுமை, நான்கு எதிர்மின்சுமை. நடுநிலை பிஹெச்சில் நிகர மின்சுமை சுழி. அதனால் இழைகள் ஒன்றோடொன்று திரள்கின்றன. பிஹெச் 3 அருகே ஆஸ்பார்டிக் அமிலத்தின் பெரும்பகுதி புரோட்டானேற்றம் அடைவதால் நிகர நேர்மின்சுமை மிஞ்சும். கரைசல் பாயக்கூடியதாக இருக்கும். அமில நீரில் 1% கரைசலாக வைத்திருந்து, பயன்படுத்தும் இடத்தில் உப்பும் நடுநிலை பிஹெச்சும் சேர்ந்து இறுகவிடுவது இதன் அடிப்படையில்தான்.

ஆல்ஃபா சுருள் வழியில் போனால் விதி வேறு. ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். ஏழு இடங்கள் கொண்ட வரிசையில் முதல், நான்காம் இடங்கள் நீர்வெறுப்பவையாக இருந்தால் சுருள்கள் பின்னிக்கொள்ளும். எத்தனை சுருள்கள் பின்னும் என்பதை மிகச் சிறிய வேறுபாடே தீர்மானிக்கிறது. ஹார்பரியும் உடன் பணிசெய்தோரும் 1993-இல் காட்டியது இது: முதலிடத்தில் ஐசோலூசின், நான்காமிடத்தில் லூசின் என்றால் இரட்டைச் சுருள், இரண்டு இடத்திலும் ஐசோலூசின் என்றால் மூன்று, இடம் மாற்றினால் நான்கு. லூசினும் ஐசோலூசினும் நிறையில் கூட வேறுபடாதவை. கிளை எந்தக் கார்பனில் முளைக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

ஒரே அமினோ அமிலம் எல், டி என்று ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் வரும் இடவலத் தன்மையும் இதே போல் வலிமையான பிடி. வாலின், ஃபினைல்அலனின், ஃபினைல்அலனின் என்ற முப்பெப்டைடில் முதல் வாலினை மட்டும் டி வடிவமாக்கினால் நடுநிலை பஃபரில் ஜெல் கிடைக்கிறது; முழுக்க எல் வடிவமான அதே தொடர் அதே நிலையில் ஜெல் தருவதில்லை. டி அமினோ அமிலம் புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதிகளையும் எதிர்த்து நிற்கும்.

இனி மின்விலக்கத்தை நீக்கும் விதம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தோல்விகள் இங்கேதான்.

பாடநூலில் உள்ள பிகேஏ மதிப்புகளை (ஒரு குழுவில் பாதி புரோட்டானை இழந்திருக்கும் பிஹெச்) நம்பி பிஹெச் குறிக்காதீர்கள். ஒரே வகை மின்சுமைகள் நெருக்கமாக அடுக்கப்படும்போது, அயனியாக இருப்பது கடினமாகிறது. எஃப்மாக் என்ற நீர்வெறுக்கும் குழுவை நுனியில் இணைத்த இரட்டை ஃபினைல்அலனினை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பாக்சில் முனைக்கு எதிர்பார்க்கும் பிகேஏ 3.5 அளவில்தான். ஆனால் தரம்பார்த்தலில் (அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பிஹெச் அளப்பதில்) இரண்டு பிகேஏ தெரிகின்றன: ஒன்று சுமார் 10, மற்றது 6-க்குச் சற்றுக் கீழே. அதாவது பிஹெச் 9-லேயே மூலக்கூறுகளில் ஒரு பங்கு புரோட்டானேற்றம் அடைந்து, அயனிகளோடு கலந்து இழையாகத் தொடங்கிவிட்டது. "பிஹெச் 8-இல் முழுக்கக் கரைந்திருக்கும்" என்று நினைத்து அந்தக் கரைசலைத் தொடக்கப் பொருளாக எடுப்பவர் உண்மையில் பாதி கட்டப்பட்ட இழைகளை எடுக்கிறார். அதன் பாகுத்தன்மையே காட்டிக்கொடுக்கும். உங்கள் பெப்டைடுக்கு நீங்களே ஒரு தரம்பார்த்தல் செய்து, பிஹெச் மாறாமல் தட்டையாக நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில மைக்ரோலிட்டர்களாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அளவு நிலைபெறும் வரை காத்திருந்தால் போதும். உருவாகும் ஜெல் மின்முனையில் ஒட்டாமல் இருக்க மென்மையாகக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அமிலத்தைச் சொட்டாக விட்டால் என்ன ஆகிறது? சொட்டு விழுந்த இடத்தில் பிஹெச் நொடியில் சரிகிறது. அங்குள்ள மூலக்கூறுகள் கலப்பு முடியும் முன்பே இறுகிவிடும். குடுவையில் ஒருபுறம் கட்டி, மறுபுறம் தண்ணீர். இதற்குச் சிறந்த தீர்வு குளுக்கோனோ டெல்டா லாக்டோன். டேவ் ஆடம்ஸ் குழு 2009-இல் இந்தத் துறையில் பயன்படுத்தத் தொடங்கிய பின் பரவலாகிவிட்டது. அது முதலில் கரையும். பிறகு மெதுவாக நீராற்பகுத்து குளுக்கோனிக் அமிலமாகும். கலப்பு முடிந்த பிறகே அமிலம் பிறப்பதால் பிஹெச் எல்லா இடத்திலும் ஒரே சீராக இறங்குகிறது.

அளவுகளோடு சொன்னால்: எஃப்மாக் இரட்டை ஃபினைல்அலனினின் மூலக்கூறு நிறை 534.6. 2 மி.லி. ஜெல்லுக்கு 10 மி.கி. எடுங்கள், அது 18.7 மைக்ரோமோல். 1.81 மி.லி. நீரில் தூவி, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 187 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சமமோல், சேர்த்துக் கலக்குங்கள். தெளியாவிட்டால் சில மைக்ரோலிட்டர் கூட்டலாம், பிஹெச் 10.5 அருகே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலே நெடுநேரம் வைத்தால் எஃப்மாக் குழு காரத்தில் உதிரும். பிறகு குடுவையில் இருப்பது நீங்கள் நினைத்த பொருள் அல்ல. கரைசலை அன்றே பயன்படுத்த வேண்டும். இன்னொரு சிறு குடுவையில் லாக்டோன் 8 முதல் 10 மி.கி. எடுத்து வைத்து, அதன்மேல் பெப்டைடு கரைசலை ஊற்றி, ஓரிரு சுழற்று சுழற்றி, அசைக்காமல் ஓரிரவு விட்டுவிடுங்கள். கார்பாக்சிலேட்டை நடுநிலையாக்க மட்டும் 3.3 மி.கி. போதும், மிகுதியாக இடுவது இறுதி பிஹெச்சை 4 பக்கம் கொண்டுபோவதற்கு. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் வெப்பநிலையை உயர்த்தலாம், ஆனால் இழைகளின் தடிமனும் கிளைப்பும் அதோடு மாறும். லாக்டோன் ஈரத்தை ஈர்க்கும். பழைய புட்டியில் ஒரு பகுதி ஏற்கெனவே அமிலமாகியிருந்தால் சீரான இறக்கம் போய், சொட்டு அமிலம் விட்ட கதைதான்.

கரைப்பான் மாற்று முறையும் உண்டு. ரெச்சஸ், காசிட் இருவரும் 2003-இல் எஃப்மாக் இல்லாத இரட்டை ஃபினைல்அலனினை எச்எஃப்ஐபி (ஹெக்சாஃபுளூரோஐசோபுரோப்பனால்) கரைப்பானில் 100 மி.கி./மி.லி. கரைத்து, நீரில் 2 மி.கி./மி.லி. அளவுக்கு நீர்க்கச் செய்து நானோகுழாய்கள் எடுத்தார்கள். எளிது, வேகமானது. ஆனால் கலக்கும் கணத்திலேயே திரள்களின் முதல் கருக்கள் உருவாகிவிடுவதால் சொட்டும் வேகம், குடுவையின் வடிவம் எல்லாம் முடிவைப் பாதிக்கும். எஃப்மாக் வடிவத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரிமக் கரைப்பானில் கரைத்து நீரில் விட்டால் முதலில் பால்போல் கலங்கி, சில நிமிடங்களில் தானே தெளிந்து ஜெல்லாகும். கலங்கியதும் பயந்து குலுக்கிவிடாதீர்கள்: முதலில் வருபவை நிலையற்ற கோளங்கள், அவை கரைந்து இழைகளாக மாறுகின்றன. இடையில் குலுக்கினால் வலைப்பின்னல் அறுபடும்.

உப்பு இன்னொரு சுவிட்ச். மின்விலக்கம் எட்டும் தூரத்தை நானோமீட்டரில் கணக்கிட 0.304-ஐ மோலாரில் உள்ள அயனிச் செறிவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும், 1:1 உப்புக்கு. 1 மில்லிமோலாரில் அது 9.6, 10 மில்லிமோலாரில் 3, உடல்நீர்மத்துக்கு நிகரான 150 மில்லிமோலாரில் 0.8 மட்டுமே. பீட்டா தாளில் அடுத்தடுத்த சங்கிலிகள் 0.48 நானோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. எனவே 150 மில்லிமோலார் உப்பு அடுத்த சங்கிலியின் விலக்கத்தை முழுக்க மறைக்காது, ஆனால் அதற்கப்பால் உள்ளவற்றின் கூட்டு விலக்கத்தை வெட்டிவிடும். அது போதும்.

இதை அழகாகப் பயன்படுத்தியவர்கள் ஆய்வாளர்கள் ஷ்னைடரும் போச்சனும். 2002-இல் வந்த மாக்ஸ்1 பெப்டைடில் 20 அமினோ அமிலங்கள்: வாலினும் லைசினும் மாறி மாறி வரும் இரண்டு கைகள், நடுவே டி-புரோலின், எல்-புரோலின் கொண்ட திருப்பம். உப்பு குறைந்த நடுநிலை நீரில் எட்டு லைசின்களும் நுனி அமீனும் சேர்ந்த +9 விலக்கம் அதை மடியவிடாது. உப்போ காரமோ சேர்ந்தால் கொண்டை ஊசிபோல் மடிந்து அடுக்கத் தொடங்கும். மடிவதும் அடுக்குவதும் இணைந்திருப்பதுதான் இதன் சிறப்பு. மடியாத மூலக்கூறு கட்டியாகத் திரளாது. பின்னர் ஒரே ஒரு லைசினை, 15-ஆம் இடத்தில், குளூட்டாமிக் அமிலமாக்கி மாக்ஸ்8 செய்தார்கள். நிகர மின்சுமை +7 ஆனது. 37 டிகிரியில் செல் வளர்ப்பு ஊடகத்தில் ஜெல்லாகும் நேரம் அரை மணியிலிருந்து ஒரு நிமிட அளவுக்குக் குறைந்தது. செல்களைக் கலந்து ஊற்றுபவருக்கு இது வாழ்வா சாவா என்ற வேறுபாடு: மெதுவான ஜெல்லில் செல்கள் இறுகும் முன் அடியில் படிந்துவிடும். செய்யும்போது இரட்டைச் செறிவுள்ள பெப்டைடையும் ஊடகத்தையும் தனித்தனியே குளிரவைத்து, சம அளவு கலந்து, பிறகு 37 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். குளிரில் நீர்வெறுப்பு விசை தளர்வதால் கலக்க நேரம் கிடைக்கும்.

கொழுப்பு வால் இணைத்த பெப்டைடுகளில், சாமுவேல் ஸ்டுப் குழு 2001-இல் காட்டியதைப் போல, 16 கார்பன் வால் உள்ளே போய், பெப்டைடு வெளியே நின்று, உருளை இழைகள் வருகின்றன. வாலை ஒட்டிய நான்கு அமினோ அமிலங்களின் ஹைட்ரஜன் பிணைப்புதான் உருளையைத் தாங்குகிறது; அவற்றின் அமைடு நைட்ரஜனில் மெத்தில் இட்டுப் பிணைப்பைத் தடுத்தால் இழை போய்க் கோள வடிவத் திரள்கள் வருகின்றன. ஆக, இழையை வலுப்படுத்தக் கொழுப்பு வாலை ஒட்டிய பகுதியை மாற்றுங்கள். செல்லை ஈர்க்கும் குழுக்களை வெளி நுனியில் வையுங்கள். கால்சியம் குளோரைடு போன்ற இரட்டைச் சுமை உப்பு கார்பாக்சிலேட்டுகளைப் பாலம் கட்டி இணைக்கும். இவ்வகைப் பொருள்களில் 80 டிகிரியில் அரை மணி வைத்து மெதுவாகக் குளிரவைப்பது நல்ல பழக்கம். இடைநிலைத் திரள்கள் அவிழ்ந்து ஒரே சீரான நிலைக்கு வரும். ஆனால் தொடரில் அஸ்பரஜின் இருந்தால் அந்தச் சூட்டில் அமைடு உதிர்தலும், நுனியில் குளூட்டமின் இருந்தால் வளையமாதலும் நடக்கலாம். சூடாக்கும் முன்னும் பின்னும் நிறைமாலை (மூலக்கூறு நிறையைக் காட்டும் அளவீடு) எடுத்துப் பாருங்கள்.

பிணைப்பை உடைத்தும் ஆக்கியும் வழிநடத்துவது அடுத்த படி. டைரோசினில் பாஸ்பேட் இட்டால் இரண்டு எதிர்மின்சுமை; ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி அதை வெட்டினால் இழை உருவாகும். பிங் சூ குழு 2004-இல் எஃப்மாக் டைரோசினில் இதைச் செய்தது. நொதியின் அளவே வேகக் கட்டுப்பாடு. இங்கே வழக்கமான தவறு பாஸ்பேட் பஃபரில் செய்வது: பாஸ்பேட் இந்த நொதியையே தடுக்கும். உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏ இருந்தாலும் நொதிக்குள் இருக்கும் துத்தநாகத்தைப் பிடுங்கி நொதியை முடக்கிவிடும். டிரிஸ் போன்ற காரப் பக்க பஃபர் எடுத்துக்கொள்ளுங்கள்.

செரின், த்ரியோனின் இடத்தில் சங்கிலியை அமைடுக்குப் பதில் எஸ்டராக வளைத்து வைத்து, நடுநிலை பிஹெச்சில் அசைல் குழு ஆக்சிஜனிலிருந்து நைட்ரஜனுக்குத் தாவச் செய்யும் முறை, மிக எளிதில் திரளும் தொடர்களுக்கு ஏற்றது. கரைந்திருக்கும் வரை அது வேறு மூலக்கூறு. தாவிய பிறகே உண்மையான பெப்டைடு.

இரண்டு சல்ஃபர் அணுக்கள் இணையும் டைசல்ஃபைடு பிணைப்பு இன்னும் சுவையானது. சிய்ப்ரென் ஓட்டோ குழு 2010-இல் இரண்டு தயால் குழுக்கள் (சல்ஃபரும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை) கொண்ட ஒரு சிறு பெப்டைடைக் காற்றில் ஆக்சிஜனேற்றம் செய்தது. குலுக்கினால் ஆறு அலகு வளையங்கள், காந்தக் கலக்கியால் சுழற்றினால் ஏழு அலகு வளையங்கள் மேலோங்கின. இழைகள் இயக்கத்தால் முறிந்து புதிய முனைகள் பெருக, எந்த இழை அதிகம் முறிகிறதோ அது வேகமாகப் பெருகுகிறது. கலக்கும் முறையைக் குறிப்பேட்டில் எழுதாதவருக்கு இது நல்ல எச்சரிக்கை.

எரிபொருள் ஊட்டும்வரை கட்டப்பட்டு, அது நின்றால் தானே அவிழும் அமைப்புகளும் வந்துவிட்டன. கார்போடைஇமைடு என்ற எரிபொருள் ஆஸ்பார்டிக் அமில முனையைத் தற்காலிக அன்ஹைட்ரைடாக்கி மின்சுமையை அகற்றும்; நீர் அதை மீண்டும் திறக்கும். பிஹெச் 6 அருகே எம்இஎஸ் பஃபரில் செய்யுங்கள். அசிட்டேட், டிரிஸ், பாஸ்பேட் மூன்றும் இந்த வினைகளில் குறுக்கிடுவதால் தவிர்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் முடிவு ஆட்டம் காட்டினால், பொடியைச் சந்தேகியுங்கள். தயாரிப்பிலிருந்து வரும் பெப்டைடு பெரும்பாலும் டிரைஃபுளூரோஅசிட்டேட் உப்பு. மாக்ஸ்1-இன் மூலக்கூறு நிறை சுமார் 2230. அதன் ஒன்பது நேர்மின்சுமைகளோடு ஒட்டிவரும் எதிரயனிகளின் நிறை 1026. ஈரத்தைக் கணக்கில் எடுக்காமலேயே பொடியில் 31% பெப்டைடு அல்ல. தராசு எடையை நம்பி 1% என்று எழுதுவது 0.7%-க்கும் குறைவாக இருக்கும். டைரோசினோ டிரிப்டோஃபனோ இருந்தால் 280 நானோமீட்டரில் உறிஞ்சலை அளந்து செறிவு கணக்கிடுங்கள் (மோலார் உறிஞ்சல் முறையே 1490, 5500). இல்லையேல் அமினோ அமிலப் பகுப்பாய்வு. எதிரயனியை மாற்ற 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து உறைய உலர்த்துவதை இரண்டு மூன்று முறை செய்தால் போதும்.

பொடியில் ஏற்கெனவே இருக்கும் திரள்கள் விதைகளாக வேலைசெய்து தாமத நேரத்தை அழித்துவிடும். எச்எஃப்ஐபியில் ஒரு மணி நேரம் வைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் ஆவியாக்கி, வெற்றிடத்தில் எஞ்சியதை நீக்கினால் பழைய நினைவு அழியும். புகைபோக்கி அறைக்குள், கண்ணாடிக் குடுவையில். நைலான் வடிகட்டியை இதோடு பயன்படுத்த வேண்டாம், நைலான் இந்தக் கரைப்பானில் கரைந்துவிடும்.

கடைசியாக அளவீடு. குடுவையைக் கவிழ்த்துப் பார்ப்பது ஜெல் உண்டா என்று சொல்லும், எத்தகைய ஜெல் என்று சொல்லாது. பாய்வையும் விறைப்பையும் அளக்கும் ரியோமீட்டரில் முதலில் திரிபை மாற்றி நேர்கோட்டுப் பகுதியைக் கண்டுபிடித்து, பிறகு அதற்குள் அதிர்வெண்ணை மாற்றுங்கள். சேமிப்புக் குணகம் (மீள்தன்மையின் அளவு) இழப்புக் குணகத்தைவிடப் (பாகுத்தன்மையின் அளவு) பத்து மடங்கு அளவில் மேலே, அதிர்வெண்ணோடு அதிகம் மாறாமல் நிற்க வேண்டும். சங்கிலி மடிந்திருக்கும் விதத்தைக் காட்டும் வட்ட இருநிறமாலையில் பீட்டா தாளுக்கு 217 நானோமீட்டர் அருகே பள்ளம், சுருளுக்கு 208, 222. குளோரைடு 195-க்குக் கீழே ஒளியை விழுங்குவதால் சோடியம் ஃபுளூரைடு பயன்படுத்தலாம். நீர்க்கச் செய்து அளப்பதைவிட 0.1 மி.மீ. கலத்தில் அதே செறிவில் அளப்பது மேல்; நீர்த்தால் குறைந்தபட்சத் திரள் செறிவுக்குக் கீழே போய் இழைகளே இருக்காது. கலத்தை 90 டிகிரி திருப்பி மீண்டும் எடுங்கள். நிறமாலை மாறினால் இழைகளின் திசையொழுங்குதான் தெரிகிறது, உண்மையான மடிப்பு அல்ல. அகச்சிவப்பில் 1620 முதல் 1630 செ.மீ.⁻¹ வரையிலான பட்டை பீட்டா தாளுக்குரியது, ஆனால் 1673-இல் டிரைஃபுளூரோஅசிட்டேட் நின்று எதிரிணைத் தாள் (அடுத்தடுத்த சங்கிலிகள் எதிர்த்திசையில் ஓடுவது) என்று ஏமாற்றும். தயோஃப்ளாவின் டி, இழைகளோடு ஒட்டினால் ஒளிரும், நேர்மின்சுமையுள்ள சாயம். லைசின் நிறைந்த இழைகளோடு அது ஒட்டாமல் போகலாம், ஒளிராததை வைத்து இழை இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

மின்னணு நுண்ணோக்கிப் படங்களிலும் ஒரு பொறி இருக்கிறது. எதிர்ச்சாயமாக இடும் யுரானைல் அசிட்டேட் கரைசலின் பிஹெச் 4 அளவில். பிஹெச்சுக்கு எதிர்வினை காட்டும் பெப்டைடில், நீங்கள் படம் பிடித்த இழைகள் சாயத்துளி விழுந்த பிறகு தகட்டின்மேல் உருவானவையாக இருக்கலாம். பாஸ்போடங்ஸ்டிக் அமிலச் சாயத்தை நடுநிலைக்குக் கொண்டுவந்து ஒருமுறையும், முடிந்தால் உறைநிலை நுண்ணோக்கியில் சாயமே இல்லாமல் ஒருமுறையும் எடுத்து ஒப்பிடுங்கள்.